குங்குமப் படிக்குக் கீழே

அண்ணாச்சி,

இன்று காலை கோவில் கிணற்றுப் படியில் மஞ்சள் பூசிவிட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியில் மஞ்சள் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போய் இன்றோடு நாற்பது நாள். உங்கள் வீட்டில் பாத்தியா ஓதுகிறார்கள். நான் அம்மனுக்கு ஒரு விளக்குப் போட்டேன். இரண்டும் உங்களிடம் வந்து சேரும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்கு நீங்கள் கலர் கம்பெனிப் பாய். எனக்கு மட்டும் அண்ணாச்சி. சோடாவும் கலரும் போடுகிற உங்கள் கம்பெனியில் பாட்டில் கழுவ நாங்கள் பன்னிரண்டு பெண்கள். கடைசி அலசல் தண்ணீரைக் கீழே கொட்ட விடமாட்டீர்கள். அடுத்த சுற்று அழுக்குப் பாட்டிலுக்கு அதுதான் முதல் தண்ணீர். "கலரு என்னோடது, தண்ணி ஊரோடதுல்லா" என்பீர்கள்.

சுற்றிலும் உப்புத் தண்ணீர் கிடக்கிற கரிசலில், வாயில் வைக்க ஆகிற தண்ணீர் அம்மன் கோவில் கிணற்றில்தான். கம்பெனியின் போர்க்குழாய் மோட்டார் ஓடினால் கிணறு வற்றிப்போகும் என்று ஊர் கூடிப் பேசியபோது நீங்கள் வாதாடவில்லை. "கிணத்துல ஒரு படிய அடையாளம் வைங்க. அதுக்குக் கீழ்ப்படி வெளிய வந்துட்டா அன்னைக்கே மோட்டார நிப்பாட்டுதேன்" என்றீர்கள். அடையாளம் வைக்க என்னைக் காட்டினீர்கள். "அபிஷேகத்துக்குத் தினமும் தண்ணி எடுக்குதது இந்தத் தங்கச்சிதான். யாருக்காவயும் அம்மன்கிட்டப் பொய் சொல்லாது."

மாசியில் அந்தப் படி வெளியே வந்ததும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பேன். வெள்ளிதோறும் தொழுகை முடிந்து, தொப்பியைக் கழற்றாமலே வந்து எட்டிப் பார்ப்பீர்கள். "ஏட்டி, பாய் அம்மனுக்குப் பயப்படுதாரா, ஒனக்குப் பயப்படுதாரா?" என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

அப்புறம் அந்தச் சித்திரை வந்தது. எல்லா ஊரிலும் கோவில் கொடைத் திருவிழா. கயத்தாற்றுக் கடைகளுக்குக் கலர் ஏற்றி மாளவில்லை. வருஷத்தில் எங்களுக்கு முழு வேலை அந்த இரண்டு மாசம்தான். என் மகளுக்கோ வைகாசியில் கல்யாணம். வெள்ளிக்கிழமை விடியலில் குடத்தோடு இறங்கினேன். கீழ்ப்படி பாசியோடு வெளியே கிடந்தது. மோட்டார் நின்றால் எங்கள் கூலியும் நின்றுவிடும்.

முந்தானையால் மேல்படியில் இருந்த மஞ்சள் அடையாளத்தை அழித்தேன். கீழ்ப்படியில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். "ஆத்தா, செத்த நேரம் கண்ண மூடிக்கோ" என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தேன்.

மத்தியானம் வந்தீர்கள். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தீர்கள். கம்பெனிக்குப் போய் மோட்டாரை நிறுத்தினீர்கள். எல்லார் முன்னாலும், "தங்கச்சி வந்து சொல்லிட்டு. படி வெளிய வந்துட்டாம்" என்றீர்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. அப்புறம் என்னிடம் மட்டும், "மஞ்சளு கல்லுல ஏறிட்டா லேசுல போவாதும்மா" என்றீர்கள். அவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் பன்னிரண்டு பேரையும் கிணற்றில் தூர் வாரக் கூப்பிட்டீர்கள். "பாட்டில் கழுவுன கை சட்டி சுமக்காதா?" மழை விழும்வரை அதே கூலி. மகள் கல்யாணத்துக்குக் கடம்பூர் போளி வாங்கி வந்தீர்கள். பந்தியில் கலர் வைக்க முடியவில்லை, மோர்தான். "நல்லதாப் போச்சு. நம்ம கலர எவன் குடிப்பான்?" என்று சிரித்தீர்கள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், போளியை நீட்டினீர்கள். கேட்காமலே போய்விட்டது.

இன்று விடியலில் கீழ்ப்படி மறுபடியும் வெளியே வந்திருந்தது. குங்குமப் படிக்கு மட்டும் புதுசாக மஞ்சள் பூசிவிட்டு நேரே உங்கள் மகனிடம் போனேன். பாத்தியாவுக்கு வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தான்.

"மாமி, சீசன்லா. நல்லாப் பாத்தியளா? வேணும்னா நாளைக்குப் போயிப் பாக்கட்டுமா?"

"நல்லாப் பாத்துட்டுத்தான் வாரேன்யா. இப்பமே நிப்பாட்டு."

என் மஞ்சள் விரலைப் பார்த்தான். எழுந்து போனான். மோட்டார் சத்தம் அடங்குகிறவரை வாசலிலேயே நின்றேன்.

தங்கச்சி வந்து சொல்லிட்டு என்று அன்றைக்கு எனக்காக ஒரு பொய் சொன்னீர்களே அண்ணாச்சி, அதை இன்றைக்குத்தான் மெய்யாக்கிவிட்டு வந்திருக்கிறேன்.