தலைவர் நாற்காலியில் அக்கா

ஆகஸ்ட் 3

மாதிரி ஐ.நா. மாநாட்டுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து சண்டை போடும் கூத்து. எனக்குச் சீட்டில் விழுந்தது கடலே இல்லாத ஒரு நாடு. விவாதத் தலைப்போ கடல் மீன்பிடி உரிமை. என் அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்ல!

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வழக்கம்போல வாத்தியார் ஆகிவிட்டாள். இந்த மாநாடுகளில் அவள் வாங்காத பரிசு இல்லை. "நாட்டை விடுடி. கூட்டத்தை நடத்துற தலைவர் மனசுல நீ பதியணும். மார்க் போடறது அவங்கதான்." மூன்றாவது வரிசையில் உட்கார வேண்டுமாம், பார்வை முதலில் அங்கேதான் விழுமாம். அடுத்தவர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே எழுத வேண்டும். பேசி முடித்து நேரம் மிச்சமிருந்தால் லேசாகக் குனிந்து, "மீதி நேரத்தைத் தலைவரிடமே ஒப்படைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். என் உரையையும் அவளே திருத்திக் கொடுத்தாள்.

கல்லூரியில் எனக்குப் பெயர் 'அவளோட தங்கச்சி'. இந்த முறை சிறந்த பிரதிநிதி ஆகிவிட்டால் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகும் அணியில் இடம் உண்டு. அப்புறம் யாரும் என்னை அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 8

கண்ணாடி முன் ஒத்திகை. அப்பா எட்டிப் பார்த்து, "அப்படியே உங்க அக்காதான்" என்றார். உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 10

இதை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை.

காலையில் என் கருப்புக் கோட்டைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் கத்திவிட்டு, அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். கை விரல்கூட வெளியே தெரியவில்லை. எப்படியோ மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து மூச்சு வாங்கினேன். கதவு திறந்தது. தலைவர் வருகிறார் என்று எல்லோரும் எழுந்து நின்றோம்.

முதலில் தெரிந்தது என் கோட்டு. கோட்டுக்குள் அக்கா.

வர வேண்டியவருக்குக் கடும் காய்ச்சலாம். விடியும் முன்பே போன் பண்ணி இவளை வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பேயறைந்த மாதிரி நிற்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள் — அதைப் பார்த்தாள் என்றா சொல்வது? சுவரைப் பார்க்கிற பார்வை.

பேச வாய்ப்பு கேட்டு, நாட்டின் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கித் தூக்கிக் கை வலித்ததுதான் மிச்சம். மதியத்துக்குப் பிறகுதான் கூப்பிட்டாள். நன்றாகத்தான் பேசினேன். குனிந்து, மீதி நேரத்தைத் தலைவரிடமே ஒப்படைப்பதாகச் சொன்னேன்.

"தலைவருக்கு அது தேவையில்லை. நீங்க உட்காரலாம்."

நீங்க! என் சடையைப் பிடித்து இழுக்கிறவள் என்னை 'நீங்க' என்கிறாள்! பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 11

நாளை மாநாடு முடியும்வரை வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாதாம், அக்கா உத்தரவு. பேசினால் நியாயம் இல்லையாம். சாப்பிடும்போது உப்பை நகர்த்தச் சொன்னேன். நகர்த்தினாள். அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

ஆகஸ்ட் 12

பரிசு இல்லை. அது கூடப் பரவாயில்லை.

வெளியே வரும்போது துணைத் தலைவர் — மூன்று நாளும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டை, கண்ணாடி போட்டிருப்பவர் — என்னை நிறுத்தினார். "நானும் உங்க அக்காவும் போட்ட மார்க்கைக் கூட்டித்தான் முடிவு பண்ணோம். நான் உங்களுக்குத்தான் அதிகமா போட்டேன். ஆனா சொந்தத் தங்கச்சிக்கு யாராவது இப்படிப் போடுவாங்களா?"

"எப்படிப் போட்டாங்க?"

"இருக்கறதுலயே கடைசி."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து என் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அப்படிப் பண்ண? ஊர் பேசும்னு பயந்தியா?"

"அதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"நீ பேசினதுல எதுடி உன்னோடது? நிக்கறது நான், குனியறது நான், மூச்சு விடற இடம்கூட நான். எனக்கே நான் எப்படி மார்க் போடறது?"

"நீதானேக்கா சொல்லிக் கொடுத்த!"

"ஆமா. அந்த நாற்காலில உக்காந்து பாக்கறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. பயமா இருந்துச்சு."

பயமாம். எனக்கு? எனக்கு என்னவாம்? கோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

பேச்சு இல்லை.

ஆகஸ்ட் 20

இன்று உரையை எடுத்து, அவள் எழுதித் தந்த வரிகளை எல்லாம் அடித்துப் பார்த்தேன். மிஞ்சியது வணக்கமும் நன்றியும். சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

செப்டம்பர் 6

வேறொரு கல்லூரியில் மாநாடு. வெளிநாட்டு அணிக்கு ஆள் எடுக்க இதுதான் கடைசி வாய்ப்பு. தலைப்பு அதேதான். யாருக்கும் வேண்டாத என் பழைய நாட்டை நானே கேட்டு வாங்கினேன். பேருந்து தாமதம், கடைசி வரிசைதான் கிடைத்தது. தலைவர் யாரோ முன்பின் தெரியாதவர், பாதித் தூக்கத்தில் இருந்தார்.

கடலோர நாட்டுப் பிரதிநிதி என்னைக் காட்டி, "கடலே இல்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றான். கூடமே சிரித்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுதி வைத்திருந்த தாள் எங்கே போனதோ. தலைவரைப் பார்க்கக்கூட இல்லை. அவன் பக்கம் திரும்பி, "கடல் உங்ககிட்ட இருக்கு. பசி எங்ககிட்டயும் இருக்கு. உங்க படகு நின்னா எங்க சந்தையில விலை ஏறுது. அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றேன். சிரிப்பு நின்றது. நான்தான் நிற்கவில்லை. தலைவர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். நேரம் மீறியதற்கு எல்லோர் முன்னாலும் எச்சரிக்கை வாங்கினேன்.

போச்சு. எல்லாம் போச்சு.

செப்டம்பர் 9

அணி அறிவிப்பு வந்தது. என் பெயர் இருக்கிறது! எச்சரிக்கை வாங்கியும் அந்தப் பேச்சுக்காக எடுத்தார்களாம். கடைசியில், மாற்று ஆளாக. யாராவது வராமல் போனால்தான் நான். இருந்தாலும் என் பெயர். இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள். அன்றைக்குப் பார்வையாளர் பகுதியில் அவளும் உட்கார்ந்திருந்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

"அந்தப் பசி வரி, யார் எழுதிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. கோவத்துல வந்துச்சு."

கொஞ்ச நேரம் கதவுத் தாழ்ப்பாளை நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "வர்ற வாரம் நான் ஒரு கூட்டத்துல பேசணும். அந்த வரியை நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

அக்கா. என்னிடம். கேட்கிறாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.