மடத்துக்குப் போன ரொக்கெட்

வெள்ளவத்தை
12 பெப்ரவரி 2024

அன்பின் செலீன்,

உறையில் உன் சபைப் பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்குச் செலீன்தான், கோபிக்காதே. உங்கள் கன்னியர் மடத்துக்குள் போன் வராததால், இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற ஆள் இந்த ஒழுங்கையில் நான் ஒருத்திதான்.

படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. கப்பல் ஏஜென்சியில் லீவு தந்திருக்கிறார்கள். றெஜியைக் கட்டி வந்த இந்த வீடு, அவர் இறந்த பிறகு எவ்வளவு பெரிது என்று இப்போதுதான் தெரிகிறது. படுத்தபடியே யன்னலால் கடலைப் பார்க்கிறேன். ரயில் போகும்போது கட்டிலும் சேர்ந்து அதிரும்.

சிரிக்காதே, நான் ரொக்கெட் படிக்கிறேன். இணையத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. சும்மா வாசிப்பது மட்டுமில்லை. திரையில் ஒரு ரொக்கெட் நிற்கும். எரிபொருளைக் கூட்டலாம், குறைக்கலாம், சரிவை மாற்றலாம். விரலால் தொட்டால் கிளம்பிவிடும். என்னுடையது எல்லாம் இதுவரை கடலில்தான் விழுந்தது.

ஒரு சந்தேகம். எரிபொருளை இரட்டிப்பாக்கினேன், வேகம் இரட்டிப்பாகவில்லை. ஏன்? பாடத்தில் மடக்கை போட்டு ஒரு சமன்பாடு வருகிறது. பார்த்ததும் தலை சுற்றுகிறது. கொட்டாஞ்சேனையில் படித்த காலம் முழுக்க உன் கொப்பியைப் பார்த்து எழுதியவள் நான். மொறட்டுவையில் எஞ்சினியரிங் கிடைத்தும் போகாமல் மடத்துக்குப் போனவள் நீ. உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்?

அன்புடன்,
இமெல்டா

மடம்
8 ஏப்ரல் 2024

என் அன்பு இமெல்டா,

தவக்காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, அதனால்தான் தாமதம். கால் எப்படி இருக்கிறது? ஊன்றி நடக்கிறாயா?

உன் கேள்வியை வாசித்துவிட்டு ஜெபத்துக்குப் போனேன். வாய் சங்கீதம் பாடியது, மனம் ரொக்கெட்டோடு போய்விட்டது. பிறகு மரக்கறிப் பாத்தியில் களை பிடுங்கும்போது சட்டென்று விளங்கியது. நீ கூட்டிய எரிபொருளுக்கும் பாரம் இருக்கிறதே! முதலில் எரிவதில் பெரும்பகுதி, மிச்ச எரிபொருளைத் தூக்குவதற்கே போய்விடுகிறது. எரிபொருள் முடிந்த வெறும் தாங்கியைச் சுமந்துகொண்டு ஏன் போகவேண்டும்? அதைக் கழற்றி விடு. கணக்கைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மடக்கை அட்டவணை இங்கே இல்லை, கையாலேயே போட்டேன். பிழை இருந்தால் சொல்லு.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கணக்குப் போடுகிறேன். இது சரியா என்று பயந்து மதரிடம் போனேன். "மதர், ஜெபத்திலயும் எனக்குக் கணக்கு வருகுது" என்றேன். அவர் உன் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, "அப்ப அது விழுமா, விழாதா?" என்று கேட்டார். எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

கிறிஸ்துவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும்.
செலீன்

வெள்ளவத்தை
2 ஜூன் 2024

அன்பின் செலீன்,

மதரிடம் சொல்லு: விழவில்லை!

நீ எழுதினபடி கீழ்த் தாங்கியைக் கழற்றிவிட்டேன். ரொக்கெட் மேலே போய், மெல்லச் சரிந்து, பூமியைச் சுற்றத் தொடங்கியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நிஷாந்தி ஓடிவந்தாள். "என்னக்கா, திரும்ப விழுந்திட்டீங்களா?" "இல்லையடி, விழேல்ல!" அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறதாம். விழ விழப் பூமியும் வளைந்து விலகிப் போகிறதாம். அன்று மாலை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு மேல் வானம் நிறம் மாறியது. எனக்குப் பாரமே இல்லாதது போல இருந்தது.

நெடுநாளாக மனதில் கிடப்பதைச் சொல்கிறேன். நீ வெளியே வந்துவிடு, செலீன். இந்த மூளையைக் களை பிடுங்க வைத்தது யார்? இங்கே கடல் பார்த்தபடி ஓர் அறை சும்மா கிடக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம். நாற்பத்தாறு ஒரு வயதா? ஓம் என்று ஒரு சொல் எழுது, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
இமெல்டா

மடம்
25 ஓகஸ்ட் 2024

என் அன்பு இமெல்டா,

பதில் வராததைப் பார்த்துக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. நீ கேட்டதை நேர்மையாக எனக்குள் தேடிப் பார்க்க இவ்வளவு நாள் எடுத்தது.

முதலில் கொஞ்ச நாள் மனதால் நான் உன் அறையில்தான் இருந்தேன், தெரியுமா? யன்னலோரம் மேசையைப் போட்டேன். ரயில் போனது. வகுப்புக்கு உடுக்கச் சேலைகூடத் தெரிந்தெடுத்தேன். பிறகு ஒரு காலையில் ஜெபத்துக்கு மணி அடித்தது. எழும்பி ஓடினேன். பாதி வழியில்தான் கவனித்தேன், நான் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று.

என்னை யாரும் களை பிடுங்க வைக்கவில்லை. மொறட்டுவையை நான் இழக்கவில்லை, இமெல்டா. கொடுத்தேன். நான் வரமாட்டேன்.

ஆனால் நீ வா. சந்திப்பு அறைக்கு உன் போனைக் கொண்டுவர மதர் அனுமதி தந்திருக்கிறார். ரொக்கெட் கிளம்புவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க ஆசை.

ஜெபத்தில் உன்னை மறவாத,
செலீன்

வெள்ளவத்தை
14 ஒக்டோபர் 2024

அன்பின் செலீன்,

உங்கள் மலையிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தேன்.

சந்திப்பு அறைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ விரலை நீட்டித் திரையைத் தொட்டது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உன் முதல் ரொக்கெட் கடலில் விழுந்தபோது மதர் "ஐயோ பாவம்" என்றாரே! உனக்குப் பின்னால் சிஸ்டர்மார் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அடுத்தது மேலே ஏறிச் சுற்றத் தொடங்கியதும் நீ கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். எதையோ பறிகொடுத்த ஒருத்தியின் முகம் இல்லை அது. நான்தான் இவ்வளவு காலமும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ வரமாட்டேன் என்று எழுதிய பிறகும், திரும்பி வரும் ரயிலில் நான் இரண்டு சீட் பதிந்திருந்தேன். யன்னலோரம் உனக்கு. அந்தச் சீட்டில் என் பையை வைத்தபடி, மூடுபனிக்குள் தேயிலைத் தோட்டங்கள் வந்து வந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டன் ஸ்டேஷனில் ஒரு அம்மா ஏறினார். கையில் மூட்டை. ரயிலில் நிற்கவும் இடமில்லை. என் பையைப் பார்த்துத் தயங்கி, "இந்தச் சீட்டுல ஆளு வருதுங்களா?" என்று கேட்டார்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லை, யாரும் வரேல்ல. இருங்கோ அம்மா."

என்றும் உன்,
இமெல்டா