கோடை வீடு இயங்குகிறது

ஏப்ரல் 3, புதன்

மருந்துக்கடைகளுக்கான புதிய கண்காணிப்பு ஒருவழியாக இன்று ஓடத் தொடங்கியது. தம்பெரே நகரைச் சுற்றியுள்ள கடைகளின் இணைப்பை நிமிடத்துக்கொரு முறை தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால், பழையதைப் போலவே, இரவு பகல் பாராமல் என் கைபேசி அலறும். பக்கத்து மேசை அன்ஸி, "மூணு தடவை பதில் வரலைன்னா மட்டும் கத்தச் சொல்லுய்யா. ஒரு தடவைக்கே கத்தினா எவன் தூங்குறது?" என்றான். முடியாது என்றேன். பச்சை விளக்கை நம்புகிறவனுக்கு இந்த வேலை சரிப்படாது.

சோதித்துப் பார்க்க, நிச்சயமாகச் செத்துக் கிடக்கும் ஓர் இணைப்பு தேவைப்பட்டது. ருவோவெசி ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கோடை வீட்டு ரவுட்டரைச் சேர்த்தேன். அக்டோபரில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியது, மே வரை யாரும் போகமாட்டோம். சிவப்பு காட்டியது. சரி.

பதினொரு மணிவாக்கில் பச்சையானது.

ஏப்ரல் 4, வியாழன்

நேற்று மாலை மறுபடி சிவப்பு. என் அமைப்பில்தான் கோளாறு என்று நினைத்து வேறொரு சர்வரிலிருந்தும் பார்த்தேன். கோளாறு இல்லை. யாரோ போய் மின்சாரத்தைப் போட்டு, மாலை வரை இருந்துவிட்டு, அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். திருடன் மெயினை அணைத்துவிட்டா போவான்?

மனைவி கைசுவிடம் சொல்ல வாயெடுத்தேன். பட்டாணி சூப்பைக் கிண்டியபடி கொட்டாவி விட்டாள். ஏனோ சொல்லவில்லை.

பல் மருத்துவமனையில் அவளுக்குப் புதன்கிழமைதான் விடுமுறை.

ஏப்ரல் 8, திங்கள்

இணைப்பு விழுந்தால் சொல் என்பார்கள் எல்லோரும். எழுந்தால் சொல் என்று நான் இன்று ஓர் அலர்ட் வைத்தேன். "கோடை வீடு இயங்குகிறது" என்று வரும். அன்ஸி எட்டிப் பார்த்து, "என்னய்யா, தலைகீழா வச்சிருக்க?" என்றான். சும்மா சோதனை என்றேன்.

ஏப்ரல் 10, புதன்

வந்தது.

மாலையில் கைசுவிடம், "நீச்சல் எப்படி?" என்று கேட்டேன். புதனன்று நீச்சல்குளத்துக்குப் போவதாகத்தான் சொல்வாள். "தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள். நீச்சலுடை கொடியில் காய்ந்தபடியே தொங்குகிறது. கம்பளிச் சட்டையில் விறகுப் புகை வாசனை. முகம் பளிச்சென்று இருக்கிறது, பத்து வயது குறைந்தாற்போல. யாரால்?

ஏப்ரல் 11, வியாழன்

பெர்ட்டிக்குப் போன் செய்தேன். கோடை வீட்டுக்கு அடுத்த பண்ணைக்காரன், தனிக்கட்டை, எங்கள் சாவி எங்கே தொங்கும் என்று தெரிந்தவன்.

"பாதையில பனி கிடக்கா?"

"நேத்தே தள்ளிட்டேனேப்பா."

"யார் தள்ளச் சொன்னாங்க?"

"டிராக்டர் சும்மா நின்னுச்சு, அதான்."

"யாராவது வந்தாங்களா?"

"நரிதான் வருது. ஆமா, நீ எப்ப வர்றே?"

நான் எப்போது வந்தால் இவனுக்கென்ன?

பயமாக இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 17, புதன்

வந்தது. நீச்சல் நன்றாக இருந்ததாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

நேற்றிரவு இரண்டு அலர்ட், இரண்டும் பொய். கைசு தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போய்விட்டாள். "உன் போன் கத்துறது இங்கயும் கேக்குது" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள். என்னோடு படுக்காமலிருக்க இது ஒரு சாக்கு.

ஏப்ரல் 24, புதன்

அலர்ட் வந்ததும் அன்ஸியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

பாதை முடிவில் அவள் கார் மட்டும் நின்றது. ஈரப் பனியில் ஒரே ஆள் நடந்த தடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையில் ஒரு கோப்பைதான் இருந்தது. சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கைசு கம்பளிக் காலுறையோடு, வாய் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. வாசலில் நின்று அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

அப்படியே திரும்பிவிட நினைத்தேன். அதற்குள் ஏதோ ஒரு மருந்துக்கடை விழுந்து, பையில் கைபேசி அலறியது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "இங்கயுமா?" என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

பிறகு சொன்னாள்: "தூங்கத்தான் வந்தேன், ஓஸ்மோ. வாரத்துல ஒரு பகல். நோயாளி வாய்க்குள்ள கை வச்சிருக்கும்போதே கண்ணு சொருகுது எனக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு வருஷமா சொல்றேன். நீ போன் சொல்றதைத்தான் கேட்டே." திடீரென்று நிமிர்ந்தாள். "நான் இங்க இருக்கேன்னு யார் சொன்னா? பெர்ட்டியா? வாயைத் திறக்காதேன்னு சொல்லி வச்சிருந்தேனே."

சொன்னேன். கண்காணிப்பு, அலர்ட், புதன்கிழமைகள், எல்லாவற்றையும்.

எழுந்து போய் அடுப்பில் ஒரு விறகைச் செருகினாள். "மூணு வாரமாத் தெரியும். ஒரு வார்த்தை கேக்கல. உக்காந்து, நீச்சல் எப்படின்னு கேட்டிருக்கே."

"நீயும் பொய்தானே சொன்னே?"

"ஆமா, சொன்னேன்" என்றாள். "அதை எடுத்துடு. நான் இன்னிக்கு வீட்டுக்கு வரல."

ஏப்ரல் 25, வியாழன்

இன்றும் வரவில்லை.

எடுத்துவிட்டேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். அலர்ட்டை மட்டும்தான் எடுத்தேன். தட்டிப் பார்ப்பது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெர்ட்டி இன்னும் அங்கேதானே இருக்கிறான்?

மருந்துக்கடைகளை, மூன்று தடவை விழுந்தால் மட்டும் கத்து என்று மாற்றினேன். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. யாருக்காக?

மே 12, ஞாயிறு

கைசு போன் செய்தாள். கோடை வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வருகிறாள். "நல்லாத் தூங்குறேன்" என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

நாளை மறுநாள் யுஹான்னுஸ், கோடை நடுத் திருவிழா. ஊரே ஏரிக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. விடுமுறைக்கு இங்கே பணியில் இருக்க நானே பெயர் கொடுத்துவிட்டேன்.

அன்ஸி காலாண்டு அறிக்கையை எடுத்து வந்தான். எந்த இணைப்பு எவ்வளவு நேரம் விழாமல் நின்றது என்ற கணக்கு. "யோவ், மருந்துக்கடை எல்லாம் பின்னாடி நிக்குது. மே மாசத்துக்கும் ஜூனுக்கும் உன் கோடை வீடுதான் முதல் மார்க்! நூத்துக்கு நூறு. ஒரு நிமிஷம்கூட அணையல. என்னய்யா ரகசியம்?"

நல்ல ரவுட்டர் என்றேன்.

அவன் போனபின் கண்காணிப்பில் கோடை வீட்டு வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொன்னேன். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆம். அந்த வீட்டில் என்றைக்காவது மெயினை அணைத்துப் பூட்டினால், இனி அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.