மக்ரூன் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது

கார்த்திகை 9, செவ்வாய்

முத்தையாபுரத்தில் நான் புதிதாகத் திறந்த முந்திரி மக்ரூன் இனிப்புக் கடைக்கு இன்று காலை பழைய முதலாளி வந்தார். வேலையை விட்டால் ஐந்து வருடம் இந்த ஊரில் மக்ரூன் போட மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்த பத்திரத்தை நீட்டினார்.

"ஏலே, இது ஒன் கையெழுத்துதான?"

"ஆமா அண்ணாச்சி."

கடையை மூடவேண்டி வருமோ என்று பயந்து, என்னிடமிருந்த நகலை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் படித்துப் பார்த்தார்.

"வேலைய விட்ட பொறவும் ஒருத்தர் பொழப்பத் தடுக்குத ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நீங்க தைரியமா அடுப்பப் பத்த வைங்க."

மூன்று தட்டு போட்டேன். எல்லாம் விற்றுப் போனது. நிம்மதிதான்.

ஆனால் அண்ணாச்சி காலையில் திட்டவே இல்லை. "ஒன்ன நம்பித்தானல கத்துக் குடுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதை நான் வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை.