செல்லம் நீட்டிய பால் டப்பா

1966 டிசம்பர் 30, வெள்ளி இரவு.

இன்று மாரியம்மன் கோயிலுக்குச் செல்லம் புதுப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. போன வருஷம்வரை அவள் புருஷனும் என் வீட்டுக்காரரோடு அதே துணிக்கடையில்தான் இருந்தார். இப்போது அவருக்கு, இந்த நாட்டுக்குப் போரிட வந்திருக்கும் அமெரிக்கர் முகாமில் வேலை. இந்த ஒரே வருஷத்தில் அரிசியும் மீனும் ஏறிய ஏற்றத்துக்கு எங்கள் கடைச் சம்பளம் பாதி மாதம்கூடத் தாங்குவதில்லை.

"சந்தையில பால் டப்பா விலையைக் கேட்டாலே பயமா இருக்குக்கா. எங்க வீட்ல நிறைய இருக்கு. பாப்பாவுக்கு வச்சுக்கங்க" என்று ஒன்றை நீட்டினாள்.

"எங்க வீட்லயும் இருக்கு" என்றேன்.

வீட்டில் இல்லை. பாப்பா கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

அந்த முகாம் வேலைக்கு முதலில் கூப்பிட்டது இவரைத்தான். குண்டு வைப்பார்கள், போகாதீர்கள் என்று அழுது தடுத்தவள் நான். இவர் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை.