அவனுக்குப் பதினாறுதான்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. சுகம் விசாரிப்பதற்கு முன்னால் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படி. உன் பெண்டாட்டி, நான், எனக்கு அடுத்த மேஜையில் இஸ்திரி போட்ட குட்டையம்மா, சலவைப் பிரிவு மேஸ்திரி, பிரசவ வார்டிலிருந்து படி வழியாக ஓடி இறங்கி வந்த பெரிய சிஸ்டர், வாசலில் நின்று அழுத லிஃப்ட்காரர். கடைசியாக வந்து சேர்ந்தவன் உன் மகன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம், எங்கள் சலவைக்கூடம், உலர்த்தும் எந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்ட சூடு ஆறாத விரிப்புகள், அதன் மேல்தான் பிறந்தான். நீ இல்லை. நீ அப்போதே அந்தத் துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாய். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, இருந்தவர்களை எழுதும்போது இல்லாதவனையும் எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே எல்லோருக்கும் உடம்பு தேவலை. என் முழங்கால் மட்டும் படி ஏறமாட்டேன் என்கிறது, இறங்குவதற்கு ஒத்துக்கொள்கிறது. அங்கே குளிர் குறைந்ததா, ஈரம் காயாத காலுறையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தச் சோம்பல் உண்டு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் யார் யார் காதிலோ விழுந்துவிடுகிறது, அதனால்தான். என் எழுத்து கோணலாக இருந்தாலும் சத்தம் போடாது.

உன் மகன் பிறந்த தேதியை நான் மறப்பதற்கே வழியில்லை. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிப் புதுக்கட்டடத்தை மந்திரி வந்து திறந்தார். வீட்டில் விட்டுப்போன என் மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த உன் பெண்டாட்டிக்கு என் மேஜைக்குப் பக்கத்திலேயே வலி கண்டுவிட்டது. மேலே கொண்டுபோகலாம் என்றால், மந்திரி கீழ இறங்குற வரைக்கும் லிஃப்டைத் தொடக்கூடாதுன்னு உத்தரவும்மா, என் வேலை போயிரும்மா என்று லிஃப்ட்காரர் கையைப் பிசைந்தார். அந்த மந்திரி மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. வாசலில் பதித்த கல்லில் திறப்பு விழாத் தேதி வெட்டியிருக்கிறது, போய்வருகிற போதெல்லாம் தடவிப் பார்ப்பேன். தேதி நம் வீட்டுப் பையனுடையது, பெயர் மட்டும் மந்திரியுடையது.

இவன் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் உலகக் கால்பந்துப் போட்டிக்கு நம் நாட்டு அணியில் எடுக்கப்பட்டதும் உனக்குத் தெரியும், மைதானத்தில் இவனைக் கதவு என்று கூப்பிடுவதும் தெரியும், இவன் நின்றால் பின்னால் யாரும் போக முடியாதாம். ஜெர்சி வாங்கிக்கொண்டு வந்த அன்று அதை நான்தான் தேய்த்தேன், எண் ஒட்டியிருக்கிற இடத்தில் சூடு படக்கூடாது என்று உள்பக்கம் திருப்பிப் போட்டு, மேலே துணி விரித்து. எத்தனை பெரிய டாக்டர்களுடைய கோட்டைத் தேய்க்கும்போதும் அவ்வளவு பயந்ததில்லை. அதற்குப் பிறகு நடந்ததை உன் பெண்டாட்டி உனக்கு அழுகைக்கு நடுவில் சொல்லியிருப்பாள், நான் வரிசையாகச் சொல்கிறேன். போகிற பையன்கள் எல்லோரையும் ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய் இடது மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள். வளர்கிற வயதில் அங்கே எலும்பு முனையில் ஒரு கோடு திறந்திருக்குமாம், வளர்ச்சி முடிந்தால் மூடிக்கொள்ளுமாம். முழுக்க மூடியிருந்தால் அந்தப் பையன் வயது தாண்டியவன் என்று வைத்துக்கொள்வார்களாம். உன் மகனுக்கு மூடியிருந்தது.

பயிற்சியாளரே அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கூட்டிவந்து விட்டார். கூடத்தில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நான் இவனைச் சந்தேகப்படலைம்மா, ஆனா இவன் பேரை வெச்சுக்கிட்டா மொத்த அணியையும் திருப்பி அனுப்பிருவாங்க என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உன் பெண்டாட்டி பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, படத்துக்கு முன்னால இது நிக்காது என்றார். ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை, இவனாகவே மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். நான் மடித்திருந்த மடிப்பு கலையாமல் கொடுத்தான்.

சும்மா இருப்பேனா. கால்பந்துச் சங்கத்து அலுவலகத்துக்குச் சாட்சிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார், மற்றவர்கள் இருக்கிறார்கள். பெரிய சிஸ்டர் இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறார், ஆனாலும் தொப்புள்கொடியை நான்தான் வெட்டினேன், எனக்குத் தெரியாதா என்று வந்தார். லிஃப்ட்காரர் சவரம் செய்துகொண்டு கல்யாணத்துக்குப் போகிற சட்டையில் வந்தார். குட்டையம்மாவுக்கு அங்கே நாற்காலி உயரம், கால் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது, அந்த நிலையிலும் அவள் வாய் ஓயவில்லை. ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்கு மாறவில்லை. அங்கிருந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி, எல்லோருக்கும் டீ வரவழைத்தார். நான் வாசல் கல்லைப் பற்றிச் சொன்னேன், வண்டி அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள் என்றேன். அந்தக் கல்லு கட்டடத்தோட வயசத்தானேம்மா சொல்லும் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில், நீங்க சொல்றதை நான் நம்புறேம்மா, ஆனா நம்புறது என் வேலையில சேர்த்தி இல்ல என்று எழுந்து நின்றுவிட்டார். நாங்களும் எழுந்தோம். குட்டையம்மா மட்டும் மீதி டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

படம் எடுத்த டாக்டர் அம்மாவையும் போய்ப் பார்த்தோம். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு எலும்பு சீக்கிரமே முதிர்ந்துவிடுவது உண்டு என்று அவரே சொன்னார். அந்த ரெண்டு மூணு பேர்ல இவன் ஒருத்தனா இருக்கக் கூடாதா என்று உன் பெண்டாட்டி கேட்டாள். இருக்கலாம்மா என்றார். சுவரில் வெளிச்சத்துக்கு முன்னால் அவன் கை மாட்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அது சாம்பல் நிறத்தில் ஒரு கை, வேறு ஒன்றும் தெரியவில்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் பணம் கேட்கவில்லை, ஒருவரும் விரட்டவும் இல்லை. யாரிடம் சண்டை போடுவது. எனக்குச் சண்டை போட ஆள் கிடைக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

தெருவில் பேச்சு வேறு. முக்குக்கடை மெக்கானிக் இவனைப் பார்த்து, என்ன கதவு, இந்தத் தேர்தல்ல உனக்கு ஓட்டு உண்டாமே, யாருக்குப் போடப்போற என்று கேட்டிருக்கிறான். இவன் சிரித்துக்கொண்டே, நீங்க நில்லுங்கண்ணே, உங்களுக்கே போட்டுர்றேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வந்து என்னிடம் அதைச் சொல்லியும் சிரித்தான். அதுவரைக்கும் தாங்கிக்கொண்டுதான் இருந்தான், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் நீ கூப்பிட்டாய். நான் புழக்கடைக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பந்தாடும் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான், அணியில் இல்லாவிட்டாலும் கழுவினான். என் கை ஈரம் என்று அவன்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுத் துவைக்கிற கல் மேல் வைத்தான். நீ எடுத்த எடுப்பில், அம்மா, எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு, பள்ளிக்கூடத்துல சேக்குறப்போ வயசைக் கொறச்சுப் போட்டீங்களா என்று கேட்டாய். அவன் குழாயை மூடினான். நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் அவன் இருந்தான் என்பது உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்.

உனக்கு எட்டாம் வகுப்பிலேயே மீசை அரும்பிவிட்டது, மறந்துவிட்டாயா. புகைப்படத்தில் வாத்தியாருக்குப் பக்கத்தில் வாத்தியார் மாதிரி நிற்பாய். அந்தத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பி, மாசக் கணக்கா வருஷக் கணக்காம்மா கொறச்சிருக்கீங்க என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இவன் எனக்குப் பொறந்தவன், வயசு எனக்குத் தெரியும், உங்களுக்கு மீசை எப்ப வேணும்னாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். திரும்பி உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேனா. உன் எலும்புதானே அவன் எலும்பு. ஊரில் யார் கேட்டாலும் நீ கேட்கலாமா.

அன்று ராத்திரி அவன் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தான். பாட்டி, நான் கோவிச்சுக்க மாட்டேன், எனக்கு நெஜமாவே என்ன வயசு என்று கேட்டான். அன்றைக்கு இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னேன், உனக்கு இந்தக் கடிதத்தில் எழுதின மாதிரியே. பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். சரி பாட்டி என்றான். அந்தச் சரி எப்படி இருந்தது என்றால், வயதானவர்கள் சொன்னதையே சொல்லும்போது நாம் சொல்வோமே, அந்தச் சரி.

நேற்று முதல் ஆட்டம் டிவியில் காட்டினார்கள். இவன் இடத்தில் இவனுடைய சிநேகிதன் நின்றான். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, இடது பக்கம் வாடா, பின்னால பாருடா என்று இவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தச் சிநேகிதன் பாட்டுக்கு வேறு பக்கம் ஓடினான், கோல் விழுந்தது. தோற்றுப்போனார்கள். இவன் எழுந்துபோய்ப் பூட்ஸைப் பரண் மேல் வைத்தான். எனக்கு எட்டாத உயரம், எடுத்துக் கீழே வைக்கக்கூட என்னால் முடியாது.

நீ நன்றாக இரு, கூண்டில் ஏறும்போது இடுப்புவார் போட்டுக்கொள், தனியாக இருக்கிறோமே என்று பட்டினி கிடக்காதே, நான் பேசாவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு. அவனைக் கூப்பிட்டு உனக்குப் பதினாறுதான், அப்பாவுக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல். நம்புவானா தெரியாது, இருந்தாலும் சொல். பயிற்சியாளரை விட்டுவிட்டேன், அதிகாரியையும் டாக்டர் அம்மாவையும் விட்டுவிட்டேன், இத்தனை வருஷம் கழித்து அந்தத் தலைமையாசிரியரையும் மந்திரியையும்கூட விட்டுவிட்டேன், அவர்களெல்லாம் அன்னியர்கள்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கிற, ஆனால் என் மூத்த மகனை மட்டும் மன்னிக்காத
அம்மா