வியன்னாவின் மூன்று கால் குதிரை

அக்கா,

இன்று காலை மேடம் பெட்டிகளை இறக்கச் சொன்னார். வெயில் ஏறியதும் வருடாவருடம் வரும் உத்தரவுதான், உங்களுக்குத் தெரியாததா? அபுதாபி கொதிக்கத் தொடங்கினால் இந்தக் குடும்பம் ஆறு வாரம் வியன்னாவுக்குப் போய்விடும். சமைக்கவும் துவைக்கவும் நம் இருவரில் ஒருத்தி கூடப் போவாள். என் பெட்டியைத் திறந்தேன். அடியில் உங்கள் கம்பளிக் காலுறை கிடந்தது. எடுத்து முகர்ந்தேன். உங்கள் தைல வாசம் இன்னும் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடம் தொடர்ந்து நீங்கள்தான் போனீர்கள். பூட்டிய வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நான் வயிறெரிந்தேன். நீங்கள் திரும்பியதும் துணி மடிக்கிற அறையில் உட்காரவைத்துக் கேட்பேன், "என்னென்ன பாத்தீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க." நீங்களும் சளைக்காமல் சொல்வீர்கள். எப்போதும் அதே வரிசை.

"மொதல்ல மஞ்ச அரமன. ஜன்னலு எண்ணி மாளாது. அப்பறம் ராட்டினம், ஒவ்வொரு பொட்டியும் நம்ம ரூம் பெருசு. அப்பறம் கலர் கலரா ஓடு போட்ட மாதா கோயிலு. கடைசியா வெள்ளக் குதிர, டான்ஸ் ஆடுது புள்ள!"

அந்தக் குதிரைக்கு மூன்று கால்தான் கண்ணில் பட்டது என்பீர்கள். "மூணு கால் குதிரையா? நல்லா ரீல் விடுறீங்க" என்று கிண்டலடித்தால், "போடி இவளே, ஒரு கால மடக்கிக்கிட்டு நின்னிருக்கும்" என்று சிரித்து மழுப்புவீர்கள்.

நானும் ஒரு தடவை போகிறேனே என்றால் மட்டும் உங்கள் முகம் மாறும். "ஒனக்கு வேணாம். அங்க குளிரு. நீ இங்க நிம்மதியாத் தூங்கு, புள்ளைங்ககிட்ட போன்ல பேசு." பொறாமை பிடித்தவர் என்று நினைத்தேன். ஆமாம் அக்கா, அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் நான் அந்தக் காரியத்தைச் செய்தது அதனால்தான். மேடம் காப்பி குடிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றேன். "அக்காவுக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது மேடம். இந்தத் தடவ நான் வர்றேன்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன். உங்களை வீட்டில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போவார், அவ்வளவுதான் நான் நினைத்தது. மேடமோ உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதயம் பலவீனம் என்று தாள் வந்தது. "கலாஸ்" என்றார், அவ்வளவுதான் என்று அரபியில். அந்த ஒரு சொல்லோடு உங்கள் வேலை முடிந்தது. நாலே நாளில் விசா கேன்சல், கையில் டிக்கெட்.

யார் போய்ச் சொன்னது என்று நீங்கள் கேட்கவே இல்லை. கிளம்பும்போது இந்தக் காலுறையை என் கையில் திணித்தீர்கள். "அந்த அடுக்களத் தரை சில்லுனு இருக்கும். இத கழட்டாத" என்றீர்கள். அடுக்களை என்று சொன்னது அப்போது என் காதில் ஏறவில்லை.

வியன்னாவில் இறங்கிய மறுநாளே புரிந்துவிட்டது. பாஸ்போர்ட் மேடத்தின் கைப்பையில். வெளிக்கதவுச் சாவியும் அதிலேதான். பதினோரு பேருக்குச் சமையல், அடுக்களையிலேயே படுக்கை. கோடையிலும் சில்லிடும் கல் தரை, தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நிற்கும். அதன் பக்கவாட்டில் நீளத்துக்கும் படம்: மஞ்சள் அரண்மனை, ராட்டினம், ஓடு போட்ட தேவாலயம், கடைசியில் வெள்ளைக் குதிரை. குதிரையின் நாலாவது கால் இருக்கவேண்டிய இடத்தில் பேருந்தின் பின்சக்கரம் இருந்தது.

கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அழுதேன். மூன்று கோடை, அந்த மூச்சை வைத்துக்கொண்டு, நீங்கள் இந்தத் தரையில் நின்றிருக்கிறீர்கள். நானோ அபுதாபியில் பகலிலும் தூங்கினேன்.

போனில் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். தை பிறப்பதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மகள் பேசினாள். "சித்தி, அம்மா கடைசியா ஒண்ணு சொல்லுச்சு. 'அவ மேல தப்பில்ல, நாந்தான் பாக்காததயெல்லாம் பாத்தேன்னு சொல்லி ஆச காட்டிட்டேன்'னு. என்ன சித்தி அது? அம்மா அந்த ஊரப் பாக்கவே இல்லியா?"

அப்படியானால் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் காலுறையைக் கொடுத்தீர்கள்.

அவளிடம், "பாத்துச்சும்மா. ஒண்ணு விடாம பாத்துச்சு. அந்த மூணு கால் குதிரைய நானே பாத்தேனே" என்றேன். மேடத்திடம் போய் நின்றதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

காலுறையைப் பெட்டியில் வைத்துவிட்டேன். நாளை மறுநாள் விமானம். அரண்மனையும் குதிரையும் பொய்யென்று தெரிந்தும் நீங்கள் சொன்னபடியே மனதில் வைத்திருக்கிறேன். 'அவ மேல தப்பில்ல' என்றீர்களே அக்கா, அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.